சேஞ்ச் எத்தனை மணிக்கு?

மெல்பர்னில் 40 டிகிரி வரும் என்று அறிவித்த கோடை நாளில், எவ்வளவு சுடும் என்பதை விட எத்தனை மணி வரைக்கும் சுடும் என்பதுதான் பேச்சாக இருக்கும். அலுவலக லிஃப்டில் கேட்பார்கள், ‘சேஞ்ச் எப்போ?’ இந்தியக் கடையில் கறிவேப்பிலைக் கட்டைப் புரட்டிக்கொண்டே பக்கத்தில் நிற்பவர் கேட்பார். கூல் சேஞ்ச் என்பதைத்தான் இங்கே எல்லோரும் இப்படிச் சுருக்கிச் சொல்கிறார்கள். குளிர் வளிமுகம் ஒன்று, அதாவது குளிர்ந்த காற்றின் முன்விளிம்பு, ஊரைக் கடக்கும் நேரம் அது. காலையிலிருந்து வடக்கே இருந்து வீசிய அனல் திடீரென்று அடங்கும். சில நிமிடங்களில் தென்மேற்கிலிருந்து கடல் பக்கக் காற்று வந்து அறையும். வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே பத்து டிகிரி இறங்கிவிடும். 41-லிருந்து 24-க்கு வருவதெல்லாம் இந்த ஊரில் செய்தியே இல்லை.

வானிலை என் தொழில் கிடையாது. ஆனால் இந்தத் திருப்பத்தைப் பார்ப்பது எனக்கு ஒரு பித்தாகவே ஆகிவிட்டது. நான் இருப்பது மேற்குப் புறநகரான டார்னீட்டில். அக்கா வீடு கிழக்கே கிளென் வேவர்லியில். சேஞ்ச் மேற்கிலிருந்து வருவதால் எங்கள் வீட்டைத்தான் முதலில் தொடும். ‘அங்க வந்துடுச்சா?’ என்று அக்காவிடமிருந்து வாட்ஸ்அப் வரும். நான் ‘வந்துடுச்சு’ என்று சொன்ன பிறகு முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ கழித்து அவள் ஜன்னல்களைத் திறப்பாள். வானிலை ஆய்வு மையம், செயலிகள் எல்லாவற்றையும் விட மேற்கே குடியிருக்கும் தம்பிதான் அவளுக்கு நம்பிக்கை.

அவள் நம்பிக்கையில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. காலையில் சில கணினி மாதிரிகளை வைத்துப் பார்க்கிறோம் என்று வையுங்கள். பாதி மாதிரிகள் சேஞ்ச் மதியம் 2 மணிக்கு என்கின்றன. மீதி, மாலை 5 மணிக்கு என்கின்றன. மூன்றரை மணிக்கு வெப்பநிலை என்னவாக இருக்கும்? எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுக்கும் செயலி 32 என்று காட்டும். பார்க்க நியாயமான எண். ஆனால் அன்று மூன்றரை மணிக்கு வரவே வராத வெப்பநிலை அதுதான். ஒன்று 40 இருக்கும், இல்லையென்றால் 23 இருக்கும். நடுவில் நிற்க இடமே இல்லை. சாதாரண நாட்களில் சராசரி நம்மைக் காப்பாற்றும், வளிமுகம் வரும் நாளில் கவிழ்த்துவிடும். அதனால் என் கட்சி இதுதான்: இந்த நாட்களில் டிகிரியைக் கணிக்க உட்காரக் கூடாது. நேரத்தைக் கணிக்க வேண்டும். நேரம் கிடைத்த பிறகு, வரப்போகும் காற்று எந்தத் தரையையும் எந்தக் கடலையும் கடந்து வருகிறது என்று பார்த்தால் டிகிரி தானாகவே கைக்கு வரும்.

எப்படி இந்த நிலைமை உருவாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வட கோளத்துப் பாடப்புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்ளுங்கள். தென் கோளத்தில் உயர் அழுத்தத்தைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாகவும், தாழ்வழுத்தத்தைச் சுற்றி வலஞ்சுழியாகவும் போகும். ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே டாஸ்மன் கடலில் ஓர் உயர் அழுத்தம் நகராமல் உட்கார்ந்துவிட்டால், அதன் மேற்கு ஓரத்தில் இருக்கும் விக்டோரியா மாநிலத்துக்குள் கண்டத்தின் நடுப்பகுதிப் பாலைவனக் காற்று இறங்கும். நம் ஊரில் வாடைக்காற்று உடம்பை நடுக்கும். இங்கே வடக்கிலிருந்து வருவதுதான் அடுப்பு. அதே நேரத்தில் கண்டத்துக்குத் தெற்கே, பெருங்கடலில் ஒரு தாழ்வழுத்தம் மேற்கிலிருந்து கிழக்காகப் போய்க்கொண்டிருக்கும். அதன் பின்பக்கத்தில் அண்டார்டிகா பக்கமிருந்து குளிர்ந்த காற்று வடக்கு நோக்கி வரும். இரண்டு காற்றுகளும் சந்திக்கும் விளிம்புதான் வளிமுகம். விளிம்பு நெருங்க நெருங்க வடக்குக் காற்று வடமேற்காகத் திரும்பி, இன்னும் வலுத்து, இன்னும் சுடும். ஆகவே சேஞ்சுக்கு முந்தைய மணி நேரம்தான் அன்றைய உச்ச வெயிலாக இருப்பது சகஜம்.

நேரத்தைக் கணிக்க எனக்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படுவதில்லை. ஆஸ்திரேலிய வானிலை ஆய்வு மையம் தானியங்கி நிலையங்களின் அளவீடுகளை இணையத்தில் உடனுக்குடன் போட்டுவிடுகிறது. அதில் மேற்கே இருப்பவற்றை வரிசையாகத் திறந்து வைத்துக்கொள்வேன். முதலில் மவுண்ட் கேம்பியர், போர்ட்லாண்ட். அங்கே காற்று திரும்பினால் இன்னும் பல மணி நேரம் இருக்கிறது என்று பொருள். அப்புறம் கேப் ஆட்வே, ஏரீஸ் இன்லெட். அங்கே வந்துவிட்டால் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், குழந்தைகளைக் கிளப்பலாம். கடைசியாக ஜீலாங் பக்கத்து அவலான், அதற்கும் இந்தப்பக்கம் லாவர்டன். கேப் ஆட்வே மெல்பர்னிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 170 கி.மீ. வளிமுகம் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் நகர்ந்தால் மூன்றரை மணி நேரம்.

கணக்கு இவ்வளவு சுலபமாக இருந்தால் யாரும் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. வளிமுகம் ஒரே வேகத்தில் வருவதில்லை. கடற்கரையை ஒட்டி வரும் பகுதி கடல் காற்றின் துணையோடு முந்திக்கொண்டு ஓடும். உள்நாட்டில் கொதித்துக் கிடக்கும் தரைக்கு மேல் வடக்குக் காற்று விடாமல் எதிர்த்து நிற்கும். அதனால் வரைபடத்தில் நேர்க்கோடாகத் தெரிவது நிஜத்தில் வளைந்து நெளிந்து வரும். போதாததற்கு, வரும் குளிர்காற்று பல சமயங்களில் சில நூறு மீட்டர் கனம்தான் இருக்கும். தரையில் கொட்டிய தண்ணீர் போல அது மேட்டைச் சுற்றிக்கொண்டு தாழ்ந்த பக்கமாகப் பரவும். நகரத்தில் எல்லோரும் சட்டைக் காலரைத் தளர்த்தி மூச்சு விடும்போது 633 மீட்டர் உயர டாண்டினாங் மலை உச்சியில் இன்னும் அனல் அடித்துக்கொண்டிருக்கும்.

இதில் ஏமாற்றுக்காரன் ஒருவனும் உண்டு. மெல்பர்னை ஒட்டிக் கிடக்கும் போர்ட் ஃபிலிப் விரிகுடாவின் காற்று. சேஞ்சுக்கு முன்பே, வடக்குக் காற்று கொஞ்சம் அசந்த நேரம் பார்த்து, விரிகுடாவிலிருந்து தெற்குக் காற்று உள்ளே நுழையும். செயின்ட் கில்டா கடற்கரையில் 28 காட்டும். 20 கி.மீ. உள்ளே விமான நிலையத்தில் 40 அப்படியே இருக்கும். சென்னையில் இருந்தவர்களுக்கு இது புரியும்: கடல் காற்று மெரினாவைத் தொட்டுவிட்டு மீனம்பாக்கம் வரை வர மனசில்லாமல் நிற்கும் மே மாத மதியங்கள் இருக்கின்றனவே, அதேதான். இதைப் பார்த்து சேஞ்ச் வந்துவிட்டது என்று வீட்டைத் திறந்து போட்டால், ஒரு மணி நேரத்தில் வடக்குக் காற்று மறுபடி வலுத்து வீட்டுக்குள் அனலைக் கொட்டிவிட்டுப் போகும்.

உண்மையானதை எப்படி அடையாளம் காண்பது? வெப்பநிலையை மட்டும் பார்த்தால் தெரியாது. அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். வளிமுகம் வரும் வரை அழுத்தம் இறங்கிக்கொண்டே வரும், கடந்ததும் சட்டென்று மேலேறும். விரிகுடாக் காற்றில் அந்த ஏற்றம் இருக்காது. இரண்டாவது, வீச்சு, அதாவது திடீரென்று பலமாக அடித்து ஓயும் காற்று. உண்மையான சேஞ்ச் ஆரம்பத்திலேயே முரட்டு வீச்சோடு வரும். மூன்றாவது, கடலிலிருந்து தள்ளி இருக்கும் நிலையங்கள். ஜீலாங்குக்கு வடக்கே உள்நாட்டில் இருக்கும் ஷீஓக்ஸ் திரும்பிவிட்டதென்றால் அது விரிகுடாவின் வேலையாக இருக்க முடியாது. இந்த மூன்றும் ஒத்துப்போனால்தான் அக்காவுக்குச் செய்தி போகும்.

சரி, கடந்துவிட்டது. இனி எவ்வளவு குளிரும்?

இங்கே வானிலைக்காரர்கள் பயன்படுத்தும் ஒரு மனக்கணக்கு இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. தரையிலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், அதாவது அழுத்தம் 850 ஹெக்டோபாஸ்கலாக இருக்கும் மட்டத்தில், காற்று எத்தனை டிகிரி என்று பாருங்கள். உலர்ந்த காற்று கீழே இறங்கும்போது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 10 டிகிரி போலச் சூடாகும். ஆகவே வெயிலில் நன்றாகக் கலங்கிய பகல் காற்றில் அந்த எண்ணோடு 15-ஐக் கூட்டினால் தரையின் அதிகபட்ச வெப்பநிலை ஏறக்குறைய வந்துவிடும். சேஞ்சுக்கு முன்பு மேலே 25 என்றால் கீழே 40. மறுநாள் மேலே 6 என்றால் கீழே 21. பலூன் அளவீடும் கணினி மாதிரிகளும் இந்த மேல்மட்ட எண்ணைத் தரைமட்ட எண்ணை விட நன்றாகவே சொல்கின்றன. அங்கே மரம், கட்டடம், தார்ச்சாலை என்று எதுவும் குறுக்கே வராது.

ஆனால் இந்தக் கணக்கு உதவாத சேஞ்சும் உண்டு. விக்டோரியாவில் அது அடிக்கடி நடக்கும். உண்மையான குளிர் வளிமுகத்துக்கு முன்னால் ஓர் அழுத்தத் தாழி, அதாவது நீண்டு கிடக்கும் தாழ்வழுத்தப் பகுதி, வரும். முதலில் அதுதான் காற்றைத் திருப்பும். அப்போது கீழே மெல்லிய கடல் காற்று நுழைந்திருக்கும், மேலே 1,500 மீட்டரில் பழைய சூடு அப்படியே இருக்கும். மேலே 18, கீழே 23. கூட்டிப் பார்த்தால் 33 வரவேண்டும், வராது. நடுவில் சூடான காற்று மூடி போட்டதால் இரண்டும் கலக்கவில்லை. அந்த நேரத்தில் தரையின் வெப்பநிலையைத் தீர்மானிப்பது விக்டோரியாவுக்குத் தெற்கே இருக்கும் பாஸ் நீரிணையின் நீர்தான். கோடைக் கடைசியில் அது 18, 19 டிகிரி போல இருக்கும். மேலே சாம்பல் நிறத்தில் தாழ்ந்த மேகம் மூடிக்கொள்ளும், லேசாகப் புழுங்கும். பல மணி நேரம் கழித்து, சில சமயம் நள்ளிரவில், நிஜமான வளிமுகம் வந்து இரண்டாவது இறக்கத்தைத் தரும். இரண்டு படிகளாக இறங்கும் இந்த நாட்களில்தான் மறுநாள் கணிப்பு அதிகம் தடுமாறும். காலையில் எழுந்து 16 டிகிரியைப் பார்த்து ‘நேத்து சாயங்காலமே சேஞ்ச் வந்துடுச்சே, இன்னும் ஏன் குறையுது?’ என்று கேட்பவர்களுக்குப் பதில் இந்த இரண்டாவது படிதான்.

இதே சேஞ்ச் அக்டோபரில் வந்தால் கதை வேறு. கடல் அப்போது குளிர்காலத்தின் குளிரிலிருந்து மீண்டிருக்காது. அதே திசை, அதே வேகம், ஆனால் நான்கைந்து டிகிரி கூடுதலாகக் குளிரும்.

வெப்பநிலையை மட்டும் சொல்லி நிறுத்துவதும் ஏமாற்றுதான், ஏனென்றால் உடம்புக்குத் தெரிவது அது அல்ல. இங்கே அறிவிக்கும் ‘உணரும் வெப்பநிலை’ ஸ்டெட்மன் என்பவரின் சூத்திரத்திலிருந்து வருவது. காற்று விநாடிக்கு ஒரு மீட்டர் கூடினால் 0.7 டிகிரி கழியும். வெப்பநிலை 15, ஈரப்பதம் 60 சதவீதம், காற்று மணிக்கு 29 கி.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டால் 9 டிகிரிக்குக் கீழே வருகிறது. பள்ளி விளையாட்டு விழாவுக்கு 15 டிகிரி என்று நம்பி ஸ்வெட்டர் இல்லாமல் போன பெற்றோரை இந்த ஊர் மைதானங்களில் சுலபமாக அடையாளம் காணலாம்.

காற்றின் வேகத்திலும் இப்படி ஒரு மறைவு இருக்கிறது. அறிவிப்பில் வருவது திறந்தவெளியில் 10 மீட்டர் உயரத்தில் எடுக்கும் பத்து நிமிடச் சராசரி. வீச்சு அதை விட 40 சதவீதம் வரை கூடுதலாக இருக்கலாம் என்று வானிலை மையமே எச்சரிக்கிறது. ஆக, 40 கி.மீ. என்று போட்டிருந்தால் 55 கி.மீ. வீச்சுக்குத் துணிக்கொடியையும் குப்பைத் தொட்டியையும் தயார் செய்ய வேண்டும். பகலில் வெயில் தரையைச் சூடாக்கிக் காற்றைக் கலக்குவதால் மேலே ஓடும் வேகமான காற்று துண்டு துண்டாகக் கீழே வந்து விழும். அதுதான் வீச்சு. சூரியன் மறைந்ததும் கலக்கம் நின்று, டார்னீட் மாதிரி உள்ளே இருக்கும் இடங்களில் காற்று படுத்துவிடும். விரிகுடா ஓரத்தில் அப்படி நடக்காது. நீர் இரவில் குளிர்வதில்லை, அதன் மேல் உராய்வும் குறைவு. இரவு முழுக்க அங்கே காற்று ஓயாது. அதனால்தான் காற்று ஓய்ந்த உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் மறுநாள் காலை கடற்கரையை விட ஐந்தாறு டிகிரி குறைவாக இருப்பது.

மழையும் இப்படி இடம் பார்த்துத்தான் பெய்யும். தென்மேற்குக் காற்று ஆட்வே மலைகளில் மோதி, ஈரத்தை அங்கேயே கொட்டிவிட்டு எங்கள் பக்கம் வரும். ஜீலாங், அவலான், வெரிபீ எல்லாம் அந்த மலைகளின் மழை மறைவுப் பகுதி. அதே காற்று விரிகுடாவைக் கடக்கும்போது மறுபடி ஈரம் சேர்த்துக்கொண்டு, கிழக்கே டாண்டினாங் மலைச் சரிவில் ஏறும். ‘மழை வரும்’ என்று ஒரே வாக்கியத்தில் நகரம் முழுவதற்கும் அறிவித்த நாளில் எங்கள் வீட்டுத் தோட்டம் காய்ந்து கிடக்கும். அக்கா குடை பிடித்துக்கொண்டு காரிலிருந்து இறங்குவாள்.

இதையெல்லாம் வெறும் பொழுதுபோக்காகப் பேச இந்த மாநிலத்தில் முடியாது. நேரத்தைக் கணிப்பதுதான் முக்கியம் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காட்டுத்தீயும் ஒரு காரணம்.

வடமேற்குக் காற்றில் பிடித்த தீ தென்கிழக்காக நீண்டு ஓடும். மேலிருந்து பார்த்தால் ஒல்லியான, நீளமான வடிவம். ஓடும் முனை குறுகலானது. பக்கவாட்டு விளிம்புதான் நீளம், பல கிலோமீட்டர் இருக்கலாம். சேஞ்ச் வந்து காற்று தென்மேற்காகத் திரும்பிய நிமிடத்தில் வடகிழக்கு விளிம்பு முழுவதும் புதிய முனையாக மாறிவிடும். ஒரு கிலோமீட்டர் அகலத்துக்கு ஓடிய தீ இப்போது பல கிலோமீட்டர் அகலத்துக்கு ஓடும். வெப்பநிலை இறங்குகிறது என்று மனசு ஆறுதல் அடையும் அதே நேரத்தில் ஆபத்து பல மடங்காகிறது. 1983 பிப்ரவரி 16, சாம்பல் புதன் அன்று விக்டோரியாவில் 47 பேரும் தெற்கு ஆஸ்திரேலியாவில் 28 பேரும் இறந்தார்கள். விக்டோரியா மரணங்களில் பெரும்பான்மை காற்று திரும்பிய பிறகு நிகழ்ந்தவை. டீன்ஸ் மார்ஷ் பக்கத்தில் கிளம்பி லோர்ன் பக்கமாக இறங்கிய தீ, காற்று திரும்பியதும் கடற்கரையோடு ஓடி ஏரீஸ் இன்லெட்டையும் ஆங்கல்சீயையும் எரித்தது. நான் சேஞ்சுக்காகக் கண் வைத்திருக்கும் அதே ஏரீஸ் இன்லெட்.

அதற்கு எட்டு நாள் முன்பு, பிப்ரவரி 8 அன்று, 43.2 டிகிரி வெயிலில் மெல்பர்னுக்கு வந்த சேஞ்ச் மழைக்குப் பதிலாக மண்ணைக் கொண்டுவந்தது. வறட்சியில் காய்ந்த மேற்கு வயல்களின் மேல்மண்ணை வாரிக்கொண்டு வந்த புழுதிச் சுவர் பட்டப்பகலில் நகரத்தை இருட்டாக்கியது. அந்தப் புகைப்படங்களை இன்றும் இங்கே எடுத்துப் போடுவார்கள்.

2009 பிப்ரவரி 7 அன்று மெல்பர்னில் 46.4 டிகிரி. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலான பதிவுகளில் அதுவரை நகரம் கண்டிராத வெப்பம். அந்த நாளின் வானிலைக் கணிப்பு தவறவில்லை. மிக மோசமான நாளாக இருக்கும் என்று மாநில முதல்வரே முந்தைய நாள் எச்சரித்திருந்தார். மாலையில் சேஞ்ச் வரும் என்பதும் தெரிந்ததுதான். தீயணைப்புத் துறைகளுக்காகவே வானிலை மையம் காற்று திரும்பும் நேரத்தைக் கோடுகளாக வரைந்த படங்களைத் தயாரிக்கிறது, எந்தக் கோட்டில் எத்தனை மணிக்கு என்று. அப்படியிருந்தும் அன்று 173 பேர் இறந்தார்கள். கில்மோர் ஈஸ்ட் தீயில் மட்டும் 119 பேர். மேரிஸ்வில் என்ற சிற்றூர் காற்று திரும்பிய பிறகு வந்த வேறொரு தீயில்தான் அழிந்தது. அதுவரை அந்தத் தீ ஊரைத் தாண்டித் தெற்கே போய்க்கொண்டிருந்தது. நல்ல கணிப்பு வானிலை மையத்துக்குள் இருப்பதும், அது சரியான நேரத்தில் ஒரு தெருவில் இருப்பவர் காதில் விழுவதும் வேறு வேறு வேலைகள். இரண்டாவது வேலைக்கு இன்னும் யாரும் நல்ல சூத்திரம் கண்டுபிடிக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது.

2016 நவம்பர் 21 மாலை வந்த சேஞ்ச் யாரும் எதிர்பாராத வழியில் அடித்தது. 35 டிகிரி நாள், வசந்தகாலப் புல் பூத்து முடியும் நேரம். இடிமேகங்களோடு வந்த வீச்சு மேற்கிலும் வடக்கிலும் இருந்த வயல்களின் ரை புல் மகரந்தத்தை வாரிக்கொண்டு வந்து, ஈரத்தில் அவை நுண்துகள்களாக வெடித்து, நகரத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே மாலையில் மூச்சுத்திணறல். பத்துப் பேர் இறந்தார்கள். ஆஸ்துமாவே இல்லாதவர்களும் அன்று ஆம்புலன்சுக்குக் காத்திருந்தார்கள். இப்போது வசந்தகாலத்தில் இதற்கென்று தனி எச்சரிக்கை வருகிறது. இடியோடு சேஞ்ச் வரும் நவம்பர் மாலைகளில் ஜன்னலைத் திறக்கச் சொல்லி நான் யாருக்கும் செய்தி அனுப்புவதில்லை. மூடிவைக்கச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

வளிமுகம் கடந்த மறுநாளின் வெப்பநிலையைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கடுத்த நாளைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் கணிக்க எளிதான நாள் அதுதான். பின்னால் இருந்து புதிய உயர் அழுத்தம் நகர்ந்து வரும். காற்று தென்மேற்கிலிருந்து தெற்காகி, தென்கிழக்காகி, மெதுவாக வலுவிழக்கும். செயற்கைக்கோள் படத்தில் கடலின் மேல் பொரித்த அப்பளம் போலப் பொட்டுப்பொட்டாகத் தெரியும் மேகங்கள் விலகிப்போகும். கிழக்கே டாண்டினாங் அடிவாரத்தில் தாழ்ந்த மேகம் காலை பத்து மணி வரை ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கள் பக்கம் விடியும்போதே வெயில். ஆகவே அன்றைக்கு டார்னீட்டுக்கு அக்கா வீட்டை விட இரண்டு டிகிரி கூட்டிச் சொன்னால் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அந்த உயர் அழுத்தம் டாஸ்மன் கடலுக்குப் போய்ச் சேர மூன்று நாள், நான்கு நாள் ஆகும். அப்புறம் மறுபடி வடக்குக் காற்று, மறுபடி போர்ட்லாண்ட், கேப் ஆட்வே என்று பக்கங்களைத் திறக்க வேண்டியதுதான்.